பாம்பு இல்லாத படம்

1

ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பெங்களூரெல்லாம் ஒரு தூரமா? காலைல பஸ் ஏறினா சாயங்காலம் டீக்கு வந்துடலாமே." தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம், வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று வந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால், நான் குடியிருக்கும் ஹெப்பகோடி வந்துவிடும். ஆனால் அத்திப்பள்ளியில் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. மளிகைக்காரர் கணக்குச் சொல்லும் மொழி மாறுகிறது. என் மகள் பள்ளியில் பாடிய வாழ்த்துப் பாட்டு நான் பாடியது அல்ல. வேற்றுநாடு என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

இங்கே வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவர்களுக்கு என்னைப் பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் அன்றைய விஷயங்களை டைரியில் எழுதிவிடுவேன். மழை பெய்ததா, தண்ணீர் லாரி வந்ததா, யார் என்ன சொன்னார்கள். இந்தக் குறிப்புகளும் அப்படி எழுதியவற்றிலிருந்து எடுத்தவையே.

நான் இருளர் பழங்குடியைச் சேர்ந்தவன். ஏரிக்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் பிறந்தவன். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டால் "செங்கல்பட்டுப் பக்கம்" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன். கேட்டவர்கள் அதற்கும் தலையாட்டிவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹரீஷ் போன் செய்தார். பழங்குடி மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எடுத்த படங்களைச் சேர்த்து, கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அரங்கில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் திரையிட இருந்தவர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் கன்னடம் தானாக வந்து உட்காரும். என் தங்கை தேசம்மா எடுத்த படத்தை அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"சார், படம் சென்னாகிதே, நல்லாருக்கு. நெஜமா சொல்றேன். ஆனா முகமே இல்லையே சார்."

"முகமா?"

"பூரா தரைதான் வருது. மண்ணு, சேறு, காலு. ஒரு பெரியவர் பேசிட்டிருக்காரு, பாதில கேமரா அவர விட்டுட்டுக் கீழ போயிடுது. கை தவறிடுச்சோ என்னவோ. அப்புறம் இன்னொண்ணு, பாம்பு இல்ல."

"இல்லை."

"இருளர் படம்னு போஸ்டர்ல போட்டாச்சு. ஒரு பாம்புகூட இல்லேன்னா ஜனங்க கேப்பாங்க. ரெண்டு நிமிஷம் பாம்பு, நாலு முகம், அவ்ளோதான். அது இருந்தா சனிக்கிழமை சாயங்காலம், பெரிய ஹால். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை காலைல சின்ன ரூம்லதான் போட முடியும். ஃப்ரெண்டா சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு சீட் ஃபில் ஆகணும்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் சனிக்கிழமை மாலைதான் வேண்டியிருந்தது. என்னோடு வேலை செய்கிறவர்களைக் கூப்பிடலாம். அவர்கள் முன்னால் தேசம்மா மேடை ஏறலாம். டிபன் பாக்ஸை மூடும்போதே நான் ஹரீஷின் பக்கம் போய்விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

2

தேசம்மா என்னைவிட ஏழு வயது சின்னவள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். செங்கல் சூளையில் இருந்தாள், கல்யாணம் ஆனாள், இப்போது நூறு நாள் வேலைக்கும் ஏரியில் மீன் பிடிக்கவும் போகிறாள். போன வருடம் சில இளைஞர்கள் குடியிருப்புக்கு வந்து, போனிலேயே படம் எடுக்கப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்கள் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எடுத்தார்கள். தேசம்மா எடுத்ததற்கு 'மழைக்கு மறுநாள்' என்று பெயர் வைத்தாள்.

படத்தில் கதை கிடையாது. ராத்திரி மழை விட்டிருக்கிறது. விடிந்ததும் ஐந்தாறு பேர் குடியிருப்பிலிருந்து கிளம்புகிறார்கள். ஏரியின் வறண்ட பக்கமாக நடக்கிறார்கள், வரப்பில் நண்டு வளை பார்க்கிறார்கள், பனந்தோப்பு ஓரமாகத் திரும்புகிறார்கள். நடுவில் எங்கள் தாய்மாமா ஏரி முன்பு எப்படி இருந்தது என்று சொல்கிறார். கடைசியில் சட்டியில் நண்டு. அவ்வளவுதான்.

மழைக்கு மறுநாள் என்றால் எங்களுக்கு என்ன என்பதை, பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? பழைய தடமெல்லாம் அழிந்து, தரை புதிதாகக் கிடக்கும். யார் முதலில் நடந்தாலும் பதியும். அப்பா முன்னால் போவார். அவர் கால் வைத்த இடத்தில்தான் நான் கால் வைக்க வேண்டும், நான் வைத்த இடத்தில் தேசம்மா. வேறு எங்கும் மிதித்தால் பின்தலையில் ஒரு தட்டு விழும். பேசக் கூடாது. எலி வளை வாயில் ஈரமண் குருணை குருணையாகத் தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. சிலந்தி வலை குறுக்கே இருந்தால் வீடு காலி. அப்பா இதையெல்லாம் வாயால் சொன்னதில்லை. நின்று, பார்த்து, நகர்வார். நாங்களும் நின்று, பார்த்து, நகர்வோம். வெயில் ஏறும்வரை இப்படியே போகும். மண் காய்ந்து வெளிறத் தொடங்கியதும் அப்பா முதல் பீடியைப் பற்றவைப்பார். அதற்குப் பிறகு பேசலாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம்.

ஹெப்பகோடியில் மழை பெய்தால் கம்பெனி பஸ் தாமதமாகும். எலெக்ட்ரானிக் சிட்டியின் மேம்பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி, வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மறுநாள் காலையில் ஷூ நனையக் கூடாது என்பதற்காக நான் தரையைப் பார்த்து நடக்கிறேன். பார்ப்பது என்னவோ அதே தரைதான்.

எங்கள் குடியிருப்புக்குக் கேமரா புதிதல்ல. சின்ன வயதில் அவ்வப்போது ஒரு ஜீப் வந்து நிற்கும். தொப்பி போட்டவர்கள் இறங்குவார்கள். பாம்பைத் தலைக்கு மேல் தூக்கு, எலியை வாலைப் பிடித்துக் காட்டு, இன்னொரு முறை, வெளிச்சம் பார்த்துத் திரும்பு என்பார்கள். போகும்போது பிஸ்கட் கொடுப்பார்கள். அந்தப் படங்கள் எங்கே ஓடின என்று எங்களுக்குத் தெரியாது. எங்களில் ஒருவரே எடுத்து வெளியே போன ஒரே படம் தேசம்மாவுடையதுதான்.

3

படத்துக்கு ஆங்கில வாசகங்கள் போட்டவள் என் மகள் நந்தினி. கல்லூரியில் இரண்டாம் வருடம். சிநேகிதிகளோடு கன்னடம், அம்மாவோடு தமிழ், போனோடு ஆங்கிலம். என்னோடு பெரும்பாலும் "ம்". அவளுடைய கல்வி உதவித்தொகைக்கு அலைந்த வருடத்தில், இங்குள்ள அலுவலகத்தில் "உங்க ஸ்டேட் சர்டிபிகேட் நமக்கு ஆகாது" என்றார்கள். அங்குள்ள அலுவலகத்தில் "குடியிருப்பு இங்க இல்லையே" என்றார்கள். இரண்டும் விதிப்படி சரி. கடைசியில் அவளே "விடுங்கப்பா, நாம எங்கயுமே இல்ல போல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹரீஷ் சொன்னதை அன்று மாலை வீட்டில் சொன்னேன். என் மனைவி மல்லிகா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவரு சொல்றதுல இன்னா தப்பு? நானே ரெண்டு தரம் பாத்தேன், ஒண்ணும் புரியல. சேறு வருது, போவுது. உங்க மாமா மூஞ்சிய முழுசா காட்டியிருந்தா அவருக்காவது சந்தோசம்."

"பாம்பு?"

"பாம்பு இல்லாத இருளர் படத்த எவன் காசு குடுத்துப் பாப்பான்?"

"டிக்கெட் கிடையாதும்மா, ஃப்ரீ என்ட்ரி" என்றாள் நந்தினி.

"அப்ப சுத்தமா வரமாட்டான்."

புதிதாக எடுக்க நேரம் இல்லையென்றால் இதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஹரீஷே ஒரு காட்சித் துண்டையும் அனுப்பியிருந்தார். நந்தினி லேப்டாப்பில் அதை மாமா பேசும் இடத்துக்குப் பின்னால் ஒட்டிக் காட்டினாள். யாரோ, எங்கேயோ, நல்ல கேமராவில் எடுத்தது. மெலிந்த ஒரு மனிதர் புதரிலிருந்து பாம்பை இழுத்து, தலைக்கு மேல் தூக்கிச் சிரிக்கிறார். சூரியன் சரியாக அவர் தோளுக்குப் பின்னால் இருந்தது.

"செட் ஆகுதாப்பா?"

"ஆகுது."

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அவள் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டு நாளாகிவிட்டது. அத்தையிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். அதற்குள் ஹரீஷுக்கு "பார்க்கலாம், பெரும்பாலும் சரி" என்று செய்தி அனுப்பியிருந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

4

தேசம்மாவைப் போனில் பிடிப்பது கஷ்டம். அன்று உடனே எடுத்தாள்.

"இன்னாணா, படம் ஓடுதா?"

"ஓடும். ஸ்வல்ப மாத்தணும்ங்கறாங்க."

"ஸ்வல்பவா? அது இன்னாது, திங்கறதா?"

"கொஞ்சம்டி. முகம் வேணுமாம். மாமா பேசறப்ப நீ கேமராவக் கீழ எறக்கிட்டியாம்."

"மாமா மூஞ்சி எங்கணா போயிடப் போவுது? நாளைக்கும் அதே மூஞ்சிதான். தடம் வெயில் ஏறினா போயிடும். எத எடுப்ப நீ?"

நான் அடுத்ததைச் சொன்னேன். பாம்பு பிடிக்கிற காட்சி இரண்டு நிமிடம். வேறு யாரோ எடுத்ததுகூட இருக்கிறது, அவளுக்கு வேலையே இல்லை, நந்தினி சேர்த்துவிடுவாள். சேர்த்தால் பெரிய அரங்கு, நிறைய ஜனம். சேர்க்காவிட்டால் காலி நாற்காலிகளுக்குப் படம் போட வேண்டியிருக்கும். ஸ்டோர்ஸில் புதுப் பையன்களுக்கு விளக்குவதுபோல வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ கோழி கூவியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா புடிச்சது போதும்ணா."

அவ்வளவுதான். போனை வைத்துவிடவில்லை. "வேற இன்னா? நந்தினி நல்லாக்கீதா?" என்று கேட்டாள். நல்லா இருக்கிறாள் என்றேன்.

அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. நான் பன்னிரண்டாவது முடித்த வருடம், கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அப்பாவும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் பலமுறை நடந்தோம். வீட்டில் ஆள் இல்லாததால் தேசம்மாவையும் கூட்டிக்கொண்டு போன நாளில், மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்: "இருளர்னா என்னய்யா ஆதாரம்? ஒரு பாம்பைப் புடிச்சிட்டு வா, பாப்போம்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அது வேடிக்கைக்குச் சொன்னது என்றுதான் நான் நினைத்தேன். அப்பா அப்படி நினைக்கவில்லை. எழுந்து, அலுவலகத்தின் பின்னால் உடைந்த ஓடுகளும் முள்ளும் கிடந்த இடத்துக்குப் போனார். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சாரை இருந்தது. அலுவலகம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார். "தூக்கிக் காட்டுய்யா" என்றார்கள். அப்பா தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அந்த வாரமே கையெழுத்தாகிவிட்டது. அந்தத் தாளை வைத்துத்தான் படித்தேன். படித்ததால் இந்த வேலை, இந்த வீடு, நந்தினியின் கல்லூரி. அன்று திரும்பும் வழியில் அப்பா பாம்பை ஏரிப் பக்கமாக விட்டுவிட்டு, பம்பு செட்டில் கை கழுவினார். பாம்பைத் தொட்டுவிட்டு அவர் கை கழுவி நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இத்தனை வருடமாக நான் அதை இப்படித்தான் கணக்கில் வைத்திருந்தேன்: கேட்டார்கள், காட்டினோம், கிடைத்தது. ஹரீஷ் கேட்டபோதும் என் மனம் அதே வழியில்தான் போயிற்று. என் பக்கத்தில் நின்று அதே காட்சியைப் பார்த்த தேசம்மா அதை வேறுவிதமாக வைத்திருந்தாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

மறுநாள் ஹரீஷைக் கூப்பிட்டேன். படம் இருக்கிறபடியே இருக்கட்டும், பாம்பு வேண்டாம் என்றேன்.

"அப்ப சண்டே மார்னிங் தான் சார்."

"பரவாயில்லை."

"உங்க தங்கச்சிகிட்ட நான் ஒரு தடவ பேசட்டுமா?"

"பேடப்பா" என்று கன்னடத்திலேயே வேண்டாமென்றேன்.

5

தேசம்மா சனிக்கிழமை மாலை வந்து இறங்கினாள். துணிப்பையில் நண்டு இல்லை, புளி இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை குனிந்தே நடந்து வந்தவள், வாசலில் நின்று சொன்னாள்: "இன்னாணா ஊரு இது, பூரா சிமெண்டு. நாய் போனதுகூடத் தெரியமாட்டேங்குது." மல்லிகா அவளுக்கு டீ கொடுத்துவிட்டு, "நாளைக்கு ஆளே வரலைன்னா மனசு கஷ்டப்படாத" என்றாள். "வராட்டிப் போறாங்க அண்ணி. நான் பெரிய துணில பாக்கணும், அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் தேசம்மா. அப்படிச் சொன்னாலும், ராத்திரி தட்டில் போட்ட சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

ஞாயிறு காலை அந்தச் சின்ன அறையில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். அதில் நாங்கள் நான்கு பேர். என் அலுவலகத்திலிருந்து ஒருவர் மட்டும் வந்தார். அவரிடம் முதல்முறையாக, "நாங்க இருளர்" என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். அவர் தன் மகனையும் அழைத்து வந்திருந்தார்.

படம் ஓடியது. சேறு, கால், வரப்பு. ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். மாமா பேசத் தொடங்கினார், கேமரா கீழே இறங்கியது, ஈரமணலிலேயே நின்றது, மாமாவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்காலிகள் முனகின. நான் தேசம்மாவைப் பார்க்கவில்லை.

விளக்கு போட்டதும் ஹரீஷ் தேசம்மாவை முன்னால் அழைத்தார். மொழிபெயர்க்க நந்தினி பக்கத்தில் நின்றாள். முதல் கேள்வி, கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவருடையது. ஆங்கிலத்தில் நீளமாகக் கேட்டார்.

நந்தினி சொன்னாள்: "அத்தை, இருளருங்க பாம்பு பிடிக்கறதுல பேர் போனவங்களாம். அந்தத் திறமைய ஏன் படத்துல காட்டல, பாம்பே வரலையேன்னு கேக்கறாரு."

தேசம்மா அவரையே பார்த்தாள்.

"வந்துச்சே."

"எங்க அத்தை? வரலையே."

"மாமா பேசினாரு இல்ல, அப்ப. நான் கீழ போனேன் பாரு."

நந்தினி அதை ஆங்கிலத்தில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் ஹரீஷைப் பார்த்தேன். ஹரீஷ் லேப்டாப்புக்குப் போய், விளக்கை அணைக்கச் சொல்லி, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டு நிறுத்தினார்.

திரை நிறைய ஈரமணல். அதில் இடமிருந்து வலமாக, மெல்லிய வளைவுகளாக ஒரு கோடு. ஒவ்வொரு வளைவிலும் மணல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. வீட்டில் எத்தனை முறை இதைப் பார்த்தேன். போனிலும் லேப்டாப்பிலும் பார்த்துவிட்டு, மணல் என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்குப் பின்னால் நடந்தவன் நான்.

"சாரை" என்றாள் தேசம்மா. "எங்களுக்கு முன்னாடியே போயிட்டுக்கீது. தோப்புப் பக்கம்."

நந்தினி சொன்னாள். கட்டம் போட்ட சட்டைக்காரர் முன்னால் சாய்ந்தார்.

"பின்னாடியே போய்ப் பிடிக்கலையான்னு கேக்கறாரு."

"எதுக்கு? அதுக்கு எதனா வேலை இருக்கும்."

நந்தினி மொழிபெயர்த்ததும் அறையில் சிரிப்பு எழுந்தது. அந்த மனிதரும் சிரித்தார். தேசம்மாவுக்கு அது பிடித்துவிட்டது போலிருக்கிறது. திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவள் நிழல் மணல்மேல் விழுந்தது. அலுவலக நண்பரின் மகன் நாற்காலியில் முட்டிபோட்டு நின்று பார்த்தான்.

"இதுக்கு மேல கீரி ஒண்ணு போயிருக்குது, பாத்தீங்களா? இங்க."

நந்தினி ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். கீரி என்பதற்கு அவளிடம் சொல் இருந்தது. அவள் நின்றது அதற்காக இல்லை.

"அத்தை, ஒரு நிமிஷம். கீரி அப்புறம்தான் வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? மொதல்ல கீரி, அப்புறம் பாம்புன்னு இருக்கக் கூடாதா?"

"கிட்ட வா. அங்க நின்னுகினு கேட்டா எப்படி?"

நந்தினி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே திரைக்கு முன்னால் போனாள். இரண்டு நிழல்கள். தேசம்மா விரலால் கோட்டைத் தொட்டாள்.

"கோடு இங்க அறுந்துகீது, தெரியுதா? கீரி கால் வச்சி அமுக்கின எடம். பாம்பு பின்னாடி வந்திருந்தா, காலுதான் அழிஞ்சிருக்கும்."

"இந்த இடத்துலயா?"

"அது இல்ல. அது மாமா துப்பினது."

நந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. "அப்ப இந்தப் பக்கம் திரும்பியிருக்கு, இது அதே கீரியா, வேறயா?" என்று கேட்டாள். தேசம்மா அவள் தோளைப் பிடித்துத் திரையின் அந்த மூலைக்கு நகர்த்தினாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "ட்ரான்ஸ்லேஷன் ப்ளீஸ்" என்றது. கட்டம் போட்ட சட்டைக்காரரும் அதையே சொன்னார். ஹரீஷ் கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த படத்துக்கு நேரமாகிவிட்டது. "நந்தினி, இங்கிலீஷ், இங்கிலீஷ்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மைக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி, அத்தையின் விரல் போகும் இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.